கார்க்குக்காக மரத்தை வெட்டுவதில்லை
பழைய ஒயின் கார்க்குகளில், அதாவது புட்டியை அடைக்கும் தக்கைகளில், கதவில் மாட்டும் கிறிஸ்துமஸ் வளையம் செய்தால் ஒரு மரம் வெட்டப்படாமல் தப்பும் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கார்க்குக்காக மரத்தை வெட்டுவதே இல்லை. கார்க் ஓக் மரத்தின் பட்டையை மட்டும் கோடைக்காலத்தில் கோடரியால் உரித்தெடுக்கிறார்கள், அது மீண்டும் வளர்ந்துவிடும். போர்ச்சுகலின் தெற்கே இந்த மரங்களை நேரில் பார்த்திருக்கிறேன்: உரித்த அடிமரம் செங்காவி நிறத்தில் இருக்கும், அதன்மேல் வெள்ளைப் பெயின்டில் ஓர் எண், உரித்த ஆண்டின் கடைசி இலக்கம். 7 என்றால் 2017இல் உரித்தது. அங்கே சட்டப்படி 9 ஆண்டுகள் கழித்துத்தான் மறுபடி கை வைக்கலாம். சொல்லப்போனால் கார்க் விற்பதால்தான் அந்தத் தோப்புகளை அழிக்காமல் வைத்திருக்கிறார்கள். தாராளமாக அலங்காரம் செய்யுங்கள், குப்பைக்குப் போவதைவிட எவ்வளவோ மேல். அதற்காகக் கார்க்கைக் குற்றவாளி ஆக்க வேண்டாம். கார்க்கை அறுத்தால் உதிர்கிறதே, என்ன செய்வது என்று கேட்டிருக்கும் வாசகருக்கு: இட்லிப் பானையில் பத்து நிமிடம் ஆவி காட்டி, சூடு ஆறுமுன் ரொட்டி அறுக்கும் பல்வைத்த கத்தியால் வில்லை போடுங்கள். இடையில் பிளாஸ்டிக் கார்க் கலந்திருந்தால் முதலிலேயே பொறுக்கி எடுத்துவிடுங்கள், அதற்கு இந்த வைத்தியம் பலிக்காது.