நவம்பர் 1: ஒரே நாள், நான்கு ஊர்கள்

நாளை மறுநாள் நவம்பர் 1. விடிந்ததும் எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் "வரலாற்றில் இன்று" வந்து விழும். பள்ளிகளில் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒரு மாணவி அதைப் படிப்பாள். எங்கிருந்தோ வந்த பட்டியலைத்தான் அவளும் படிப்பாள், அவள் கையில் கொடுத்த ஆசிரியரும் அதையே நம்பியிருப்பார். இந்தப் பட்டியல்கள் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. தினமும் ஐந்து வரி வரலாறாவது ஒருவர் கண்ணில் படுகிறதே என்று மகிழ்கிறவன் நான். ஆனால் புதுச்சேரியில் வாழ்ந்துகொண்டு இந்த ஒரு நாளின் பட்டியலைப் படிக்கும்போது மட்டும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

வழக்கமாக என்ன இருக்கும்? 1755, லிஸ்பன் நிலநடுக்கம். 1858, விக்டோரியா மகாராணியின் பிரகடனம், கம்பெனி ஆட்சியின் முடிவு. 1956, மொழிவழி மாநிலங்கள். 1959, எம்.கே.தியாகராஜ பாகவதர் மறைவு. 1973, ஐஸ்வர்யா ராய் பிறப்பு. இவற்றுக்கு நடுவே, பட்டியல் போட்டவருக்கு நினைவிருந்தால், "1954 – புதுச்சேரி இந்தியாவுடன் இணைந்தது" என்று ஒரு வரி. நினைவில்லை என்றால் அதுவும் கிடையாது.

அந்த ஒரு வரியும் பாதி உண்மைதான். புதுச்சேரி அதுவரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 1954 அக்டோபர் 18 அன்று, வில்லியனூரைத் தாண்டி உள்ள கீழூரில், மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவுடன் இணைய 170 பேர், எதிராக 8 பேர். அப்படி ஒரு வாக்கெடுப்பு ஏன் தேவைப்பட்டது? அங்கு வாழும் மக்களின் சம்மதம் இல்லாமல் எந்தப் பகுதியையும் விட்டுக்கொடுக்க முடியாது என்று பிரான்சின் 1946ஆம் ஆண்டு அரசியலமைப்பு சொல்லியிருந்தது. மூன்று நாள் கழித்து டெல்லியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. நவம்பர் 1, திங்கட்கிழமை, நிர்வாகம் கைமாறியது. பிரான்சின் சார்பில் பியேர் லாந்தி ஒப்படைத்தார், இந்தியாவின் சார்பில் கேவல் சிங் பெற்றுக்கொண்டார். கைமாறியது நிர்வாகம் மட்டும்தான். சட்டப்படியான உரிமை மாறவில்லை. அதற்கான உடன்படிக்கை 1956 மே 28 அன்று கையெழுத்தாகி, பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் ஒப்புதலுக்காகக் காத்துக் கிடந்து, 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது.

நிர்வாகம் 1954இல், உரிமை 1962இல். எட்டு ஆண்டு இடைவெளி. இதற்கான விடை அதே நவம்பர் 1இல்தான் இருக்கிறது. நம் பட்டியல்கள் எதிலும் அதை நான் பார்த்ததில்லை.

1954 நவம்பர் 1, நள்ளிரவு கடந்த நேரம். அல்ஜீரியாவில் தேசிய விடுதலை முன்னணியின் போராளிகள் காவல் நிலையங்கள், படைமுகாம்கள் எனப் பல இடங்களை ஒரே இரவில் தாக்கினார்கள். அல்ஜீரிய விடுதலைப் போரின் முதல் நாள் அது. பாரிஸ் அமைச்சரவையின் மேசைக்கு இந்த இரண்டு செய்திகளும் ஒரே நாளில்தான் போயிருக்கும். கிழக்கே ஒரு கடற்கரை ஊரில் துப்பாக்கிச் சத்தம் இல்லாமல் கொடி இறங்குகிறது, தெற்கே வெடிச்சத்தத்தோடு ஒரு போர் எழுகிறது. அந்த ஆண்டு மே மாதம்தான் வியட்நாமின் தியன் பியன் பூவில் பிரெஞ்சுப் படை சரணடைந்திருந்தது. அந்தக் காயம் ஆறும் முன்பே இது.

பிரான்சைப் பொறுத்தவரை அல்ஜீரியா ஒரு குடியேற்ற நாடு கூட இல்லை. பிரான்சின் மாவட்டங்களாகவே அதைச் சட்டத்தில் எழுதி வைத்திருந்தார்கள். அங்கே போர் மூண்டிருக்கும்போது இங்கே ஒரு பகுதியைச் சட்டப்படி எழுதிக் கொடுத்தால், அல்ஜீரியாவுக்கும் அதுவே முன்னுதாரணம் ஆகிவிடும் என்ற அச்சம் அவர்களுக்கு. உடன்படிக்கை கிடப்பில் போனது. 1962 ஜூலை 5 அன்று அல்ஜீரியா விடுதலை பெற்றது. ஆறே வாரத்தில், ஆகஸ்ட் 16 அன்று, புதுச்சேரியின் உரிமை மாற்றமும் முடிந்தது. அல்ஜீரியத் தலைநகர் அல்ஜியர்ஸில் சிந்திய ரத்தத்துக்கும் காரைக்கால், மாஹே, ஏனாம் மக்களின் குடியுரிமைக்கும் இருந்த தொடர்பை எங்கள் பள்ளியில் ஒருவரும் சொல்லித் தரவில்லை. ஒரே தேதியில் இரண்டு வரிகளை அடுத்தடுத்து வைத்திருந்தால் போதும், பிள்ளைகளே கேட்டிருப்பார்கள்.

அந்த எட்டு ஆண்டுகளும் காகிதத்தில் இன்றும் உயிரோடு இருக்கின்றன. முத்தியால்பேட்டையில் என் உறவினர் வீட்டில் 1957இல் பிறந்த பெரியம்மா ஒருவரின் பிறப்புப் பதிவு நகல் இருக்கிறது. முழுவதும் பிரெஞ்சு. தேதி எண்ணில் இல்லை. ஆண்டு, மாதம், நாள், பிறந்த மணி எல்லாம் எழுத்தால் எழுதி, கீழே தகப்பனாரின் கையொப்பம் தமிழில். அன்றைக்கு ஊரில் பறந்தது மூவர்ணக் கொடி. நிர்வாகத்தை நடத்தியது இந்திய அரசு. ஆனால் சட்டம் அந்தக் குழந்தையைப் பிரெஞ்சுக் குடிமகளாகவே வைத்திருந்தது. 1962க்குப் பிறகு ஆறு மாத அவகாசத்தில், எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டார்கள், எழுதிக் கொடுக்காதவர்கள் இந்தியர் ஆனார்கள். ஒரே தெருவில் ஒரு வீட்டுக்கு பிரான்சிலிருந்து சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்) பென்ஷன் வருவதற்கும் அடுத்த வீட்டுக்கு வராததற்கும் பின்னால் இந்தத் தேதிகள்தான் நிற்கின்றன. அந்தச் சொல்தாக்களில் சிலர் அல்ஜீரியாவிலேயே பணியாற்றியவர்கள் என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

1956க்கு வருகிறேன். அந்த நவம்பர் 1 எல்லாப் பட்டியலிலும் உண்டு, இருக்கவும் வேண்டும். கன்னியாகுமரி தமிழகத்தோடு சேர்ந்தது, தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின. ஆனால் மாநிலங்களை மொழிவாரியாகப் பிரித்த அந்தச் சட்டத்தில் புதுச்சேரி இல்லை. இருக்கவும் முடியாது, சட்டப்படி அப்போதும் அது பிரான்சின் பகுதி. புதுச்சேரியின் பாகூர் வயலும் தமிழகத்தின் கடலூர் வயலும் ஒரே வரப்பில் இருந்தும் அன்றைக்கு அவை இரண்டு கணக்கில் இருந்தன. இன்றைக்கும் இரண்டு கணக்குதான். புதுச்சேரிக்கு மாநிலத் தகுதி வேண்டும், வேண்டாம் என்று சண்டை போடுகிறவர்கள் யாராக இருந்தாலும் இந்த இரண்டு நவம்பர் 1களையும் சேர்த்துப் படித்துவிட்டுப் பேசினால் நல்லது.

லிஸ்பனை நீக்கிவிட்டு நம்மூரை மட்டும் போட வேண்டும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1755இன் அந்தக் காலை அனைத்துப் புனிதர் திருநாள். தேவாலயங்களில் கூட்டம் நிறைந்திருந்தபோது நிலம் ஆடியது. மெழுகுவர்த்திகள் சாய்ந்து தீ பரவியது. திறந்த வெளி தேடி ஆற்றங்கரைக்கு ஓடியவர்கள் மீது கடல் ஏறி வந்தது. 2004 டிசம்பர் 26 அன்று, சுனாமி வந்தபோது, கடலூர் தேவனாம்பட்டினத்தில் நின்றவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. தொலைவில் நடந்தது நம்மைத் தொடும் இடம் எது என்று காட்டினால் அந்த வரிக்கு உயிர் வந்துவிடும். வெறும் ஊர்ப் பெயரும் ஆண்டும் போட்டால் யாருக்கு என்ன தெரியும்?

பட்டியல்கள் தவறவிடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நாம் பலரைத் தேதியில் நினைப்பதில்லை, நட்சத்திரத்திலும் திதியிலும் நினைக்கிறோம். வள்ளலார் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் சென்று கதவைச் சார்த்திக்கொண்டது 1874 ஜனவரி 30, ஸ்ரீமுக ஆண்டு தை 19. கடலூர் மாவட்டமே திரண்டு வடலூருக்குப் போவது தைப்பூசத்தில். அதனால் ஜனவரி 30 பட்டியலில் காந்தியடிகளின் மறைவு இருக்கும், வள்ளலார் பெரும்பாலும் இருக்க மாட்டார். ஜூலை 30 இன்னும் வேதனை. 1936இல் அந்த நாளில் புதுச்சேரிப் பஞ்சாலைத் தொழிலாளர்கள் 12 பேர் பிரெஞ்சுப் போலீசின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். எட்டு மணி நேர வேலை என்ற உரிமை இந்த ஊருக்கு வந்தது அவர்கள் உயிரைக் கொடுத்த போராட்டத்தால். அதற்கு நட்சத்திரக் கணக்கு என்ற சாக்கும் கிடையாது. ஆங்கிலத் தேதியிலேயே பதிவாகியிருக்கிறது, இருந்தும் விட்டுவிடுகிறோம்.

நாள்தோறும் எழுதி வைக்கும் பழக்கம் நமக்கு இல்லை என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை, இருபத்தைந்து ஆண்டு, இந்த ஊரில் உட்கார்ந்து தமிழில் நாட்குறிப்பு எழுதினார். தமிழ் ஆண்டு, மாதம், தேதி, கிழமை எல்லாம் போட்டு, கப்பல் வந்ததையும் பீரங்கி முழங்கியதையும் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சு பேசியதையும் எழுதினார். 1761 ஜனவரி 12 அன்று மறைந்தார். நான்காம் நாள் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. உலகின் எந்த ஊருக்கும் எளிதில் வாய்க்காத செல்வம் அது. அதை வைத்துக்கொண்டு, வேறு யாரோ தொகுத்த பட்டியலைக் காலையில் நகலெடுத்து அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

ஆசிரிய நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். நாளை மறுநாள் வழிபாட்டுக் கூட்டத்தில் நான்கு ஊர்களின் பெயரை மட்டும் படிக்கச் சொல்லுங்கள்: கீழூர், புதுச்சேரி, அல்ஜியர்ஸ், பாரிஸ். ஒவ்வொன்றிலும் 1954இல் என்ன நடந்தது என்று ஒரே வரி. இரண்டு நிமிடம்கூட ஆகாது. கீழூர் நினைவிடத்துக்கு ஆகஸ்ட் 16 அன்று அதிகாரிகள் போய்க் கொடியேற்றுகிறார்கள், அதே இடத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளை அக்டோபர் 18 அன்று அழைத்துப் போகலாம்.

இதைப் படிக்கும் புதுச்சேரி, காரைக்கால், பாகூர், கடலூர் உறவுகளுக்கும் ஒன்று. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் 1954 நவம்பர் 1 அன்று எங்கே இருந்தார்கள், என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். பிரெஞ்சுக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்தவர்கள் ஏன் கொடுத்தார்கள், கொடுக்காதவர்கள் ஏன் கொடுக்கவில்லை என்பதையும் கேளுங்கள். அன்று பத்து வயதில் இருந்தவர்களுக்கு இன்று எண்பது கடந்துவிட்டது. தள்ளிப் போடாதீர்கள்.