ஒரு மணி நேரம் சார்ஜ், ஐந்து நிமிஷம் ஓட்டம்

ஆர்சி கார் (ரிமோட்டில் ஓட்டும் சின்ன கார்) பாதியில் படுத்துவிட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்: "பேட்டரி போச்சு, புதுசு வாங்கு." அட, முதலில் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கப்பா! அச்சில் தலைமுடி சுற்றி, பேரிங்கில் மண் ஏறி, பினியன் (மோட்டார் தண்டில் இருக்கும் சின்னப் பல்சக்கரம்) தான் சுற்றும் பெரிய ஸ்பர் கியரை நெரித்துக்கொண்டு நின்றால் எந்த பேட்டரிதான் தாங்கும்? மோட்டார் தொட முடியாமல் கொதிக்கிறதே, சார்ஜெல்லாம் அங்கேதான் சூடாகப் போகிறது. இதில் வேகம் வேண்டுமென்று பெரிய பினியன் வேறு!

லிப்போவை (லித்தியம் பாலிமர் பேட்டரி) செல்லுக்கு 4.2 வோல்ட் என்று முழுசாக ஏற்றி வாரக்கணக்கில் அலமாரியில் தூங்கவிடும் புண்ணியவான்களை என்ன சொல்ல? 3.8 வோல்ட்டில் வைக்கச் சொன்னால் யார் கேட்கிறார்கள். அப்புறம் பேட்டரியின் கொள்ளளவு குறைந்துபோனதும் "5000 எம்ஏஎச்னு போட்டிருக்கே" என்று கொள்ளளவு அச்சடித்த ஸ்டிக்கரைக் காட்டிச் சண்டை. நிக்கல் பேட்டரியைப் போட்டுவிட்டு ஈஎஸ்சியை (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) லிப்போ மோடிலேயே விட்டால், வோல்ட் இறங்கியதும் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைத் தடுக்கும் கட்-ஆஃப் சீக்கிரம் விழத்தான் செய்யும். அதற்கும் பழி பேட்டரி மேல்தான்.