காய்ச்சல் நேரத்தில் இரும்புச்சத்து சிரப்பு

தங்கை மகனுக்கு ஒன்றரை வயது. அரசுத் திட்டத்தில் கொடுக்கும் இரும்புச்சத்து சிரப்பு, வாரம் 2 முறை, 1 மில்லி. "இத்துனூண்டு போதுமா? தினமும் கொடுத்தா சீக்கிரம் ரத்தம் ஊறுமே" என்று அம்மா தினமும் கொடுத்துவிட்டார். போன வாரம் காய்ச்சல் அடித்தபோதும் நிறுத்தவில்லை. அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. பாட்டிலைக் கையில் கொடுத்தவர்கள் ஒரு வார்த்தை விளக்கவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

மிஞ்சிய உப்பை உடம்பு சிறுநீரில் தள்ளிவிடும். இரும்பை அப்படித் தள்ள வழியில்லை. அதனால் காவல் முழுக்க குடலில்தான். கல்லீரலில் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறினால் குடல் கதவைச் சாத்திக்கொள்ளும். சாப்பிட்ட இரும்பு குடல் செல்களிலேயே தங்கி, அவை உதிரும்போது மலத்தோடு போய்விடும். கையிருப்பு குறைந்தால் ஹெப்சிடின் இறங்கும், கதவு திறக்கும்.

காய்ச்சலிலும் ஹெப்சிடின் ஏறும். கிருமி பெருக இரும்பு வேண்டும்; அதன் கையில் சிக்காமல் உடம்பு இரும்பைப் பதுக்குகிறது. அப்போது ஊற்றும் சிரப்பில் பெரும்பகுதி ரத்தத்தில் சேராது. சேராத இரும்பு சும்மாவும் இருக்காது. இரும்பு கலந்த சத்துப்பொடி சாப்பிட்ட கைக்குழந்தைகளின் குடலில் நோய் தரும் பாக்டீரியா பெருகியதைக் கென்யாவில் பார்த்திருக்கிறார்கள்.

ஆப்பிரிக்காவில், சான்சிபாரின் பெம்பா தீவில் நடந்த ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தபோது மனசு கனத்துப்போனது. மலேரியா நிறைந்த ஊர். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தினமும் 12.5 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் கொடுத்தார்கள். இரும்பு கொடுக்காத பிள்ளைகளைவிட அந்தப் பிள்ளைகளிடம் மரணமும் ஆஸ்பத்திரிச் சேர்க்கையும் சேர்ந்து 12 சதவீதம் கூடுதலாக இருந்ததால் 2003-இல் அதைப் பாதியில் நிறுத்தினார்கள். ஆனால் மலேரியாவை உடனுக்குடன் கண்டுபிடித்து மருந்து கொடுத்த ஒரு பிரிவில், இரும்புக் குறைபாட்டோடு ரத்தசோகையும் இருந்த பிள்ளைகளுக்கு நன்மையே கிடைத்தது. மலேரியா உள்ள இடங்களில் அதன் தடுப்பும் சிகிச்சையும் சேர்த்துத்தான் இரும்பு கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் இப்போது சொல்கிறது.

இதைப் படித்துவிட்டு யாரும் சிரப்பை நிறுத்திவிடாதீர்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், இந்தியாவில் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மூளை வளரும் வயதில் இரும்பு இல்லாமல் முடியாது. ரத்தம் பார்த்து டாக்டர் தினமும் கொடுக்கச் சொன்னால் அது சிகிச்சை, தினமும்தான் கொடுக்க வேண்டும். திட்டத்தில் வரும் சிரப்பு தடுப்புக்கானது. அதைச் சொன்ன அளவுக்கு மேல் கொடுக்கக் கூடாது. காய்ச்சல், பேதி, நிமோனியா என்றால் சரியாகும்வரை நிறுத்தி வைக்க வேண்டும் என்று நம் அரசின் வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. அது ஏன் வீடு வந்து சேரவில்லை?

அப்புறம், பாட்டிலைப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். ஒரேயடியாகக் குடித்துவிட்டால் இரும்பு விஷம்.

தங்கை வீட்டுப் பாட்டிலில் இப்போது ஒரு துண்டுத் தாள் ஒட்டியிருக்கிறோம். அம்மா கையெழுத்து: "புதன், சனி. காய்ச்சல்னா கிடையாது."