"அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதிருங்கள்": இது யாருக்குச் சொன்ன வார்த்தை?

சபைக் கூட்டத்தில் யாராவது எழுந்து காணிக்கைக் கணக்கு கேட்டால் உடனே வந்து விழும் வசனம் சங்கீதம் 105:15. "நான் அபிஷேகம்பண்ணினவர்களை நீங்கள் தொடாமலும்..." போதகர்தான் அந்த அபிஷேகம் பெற்றவர், அவரைக் கேள்வி கேட்கக் கூடாது என்பது பொருள். அவ்வளவுதான், கேட்டவர் உட்கார்ந்துவிடுவார். சபைக்கு உண்மையாயிருப்பது என்றால் வாய் திறக்காமல் இருப்பது என்று நம் ஜனங்கள் நம்பத் தொடங்கியதில் இந்த ஒரு வரிக்குப் பெரிய பங்கு உண்டு. இது எனக்கு ஆறாத வேதனை.

தயவுசெய்து முந்தின வசனங்களையும் வாசியுங்கள். அங்கே அபிஷேகம்பண்ணப்பட்டவர்கள் என்பது ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு. சொந்த நிலம் இல்லாமல், சிறு கூட்டமாக, பரதேசிகளாகத் திரிந்தவர்கள். அவர்களைத் தொடாதே என்று கர்த்தர் கடிந்துகொண்டது ராஜாக்களை! பலமுள்ளவனுக்கு வைத்த எச்சரிக்கையை எடுத்து, கேள்வி கேட்கும் ஏழை விசுவாசியின் மேல் போடுவது வேதத்தைத் தலைகீழாகப் பிடிப்பது.

"அபிஷேகம் பெற்ற ராஜா என்பதால் தாவீது சவுலைத் தொடவில்லையே" என்பார்கள். உண்மைதான், கொல்லவில்லை. ஆனால் 1 சாமுவேல் 24-ஐ முழுக்கப் பாருங்கள். எங்கேதியின் கெபியிலிருந்து வெளியே வந்து, மூவாயிரம் பேரோடு தன்னைத் தேடி வந்த ராஜாவை "என் தகப்பனே" என்று அழைத்து, அறுத்தெடுத்த சால்வைத் தொங்கலைக் கையில் தூக்கிக் காட்டி, ஏன் என் பிராணனை வேட்டையாடுகிறீர் என்று சத்தமாகவே கேட்டான். மரியாதை குறையவில்லை, கேள்வியும் குறையவில்லை.

ஒருமைப்பாட்டைப் பற்றிப் பேசும்போது அப்போஸ்தலர் 2-ஐயும் 4-ஐயும் வாசிக்கிறோம். 6-ஆம் அதிகாரத்தை உதவிக்காரர் தேர்தலுக்கு மட்டும் வைத்திருக்கிறோம். எருசலேம் சபை உடையப்போன இடம் அதுதான். தினசரிப் பந்தியில் தங்கள் விதவைகள் விடுபடுகிறார்கள் என்று "கிரேக்கரானவர்கள்" எபிரெயருக்கு விரோதமாக முறுமுறுத்தார்கள். (இவர்கள் கிரேக்க மொழி பேசின யூதர்கள், புறஜாதியார் என்று தவறாக எண்ணிவிட வேண்டாம். எபிரெயர் என்பது உள்ளூர் மொழி பேசின யூதர்கள்.) சோறு, மொழி, ஊர்ப்பற்று மூன்றும் கலந்த சண்டை. மோசேயின் காலத்தில் வனாந்தரத்தில் முறுமுறுத்த இஸ்ரவேலரின் கதியைச் சொல்லி அப்போஸ்தலர் பன்னிருவரும் எளிதாக அடக்கியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. சீஷர் கூட்டம் முழுவதையும் கூப்பிட்டார்கள். நற்சாட்சி, பரிசுத்த ஆவி, ஞானம் என்று தகுதியைச் சொன்னார்கள். ஆட்களைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பைச் சபையிடமே விட்டார்கள். கடைசியில்தான் ஜெபித்துக் கைகளை வைத்தார்கள்.

சபை தெரிந்தெடுத்த பெயர்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். எபிரெயர் பக்கத்திலும் அந்திரேயா போலக் கிரேக்கப் பெயருள்ளவர்கள் உண்டுதான். ஆனாலும் ஏழுமே அப்படி அமைந்ததைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. நிக்கொலா யூதனாகப் பிறந்தவன்கூட அல்ல, யூதமார்க்கத்துக்கு மாறினவன். குறை சொன்ன பக்கத்தின் கையிலேயே பந்தியைக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த வசனம், சீஷருடைய தொகை மிகவும் பெருகிற்று என்கிறது. இன்று நாம் குறை சொன்ன குடும்பத்தைப் பாடகர் குழுவிலிருந்து முதலில் நிறுத்துகிறோம்.

தனி மனிதருக்குள் மனத்தாங்கல் என்றால் மத்தேயு 18:15-17 இருக்கிறது. முதலில் நீயும் அவனும் மட்டும். கேட்காவிட்டால் இன்னும் ஒருவர் இருவர். அதற்கும் பிறகுதான் சபை. நம்மிடம் இது உடைவது முதல் படியிலேயே: "ஜெபத்துக்காகச் சொல்கிறேன்" என்ற பெயரில் விஷயம் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விடும், சம்பந்தப்பட்டவருக்குக் கடைசியாகத் தெரியும். இரண்டாம் படியிலும் தவறுகிறோம். கூட அழைத்துப்போகிறவர் உங்கள் மைத்துனராகவோ உங்கள் அணிக்காரராகவோ இருந்தால் அவர் சாட்சி அல்ல, ஆள்பலம். இருவரும் மதிக்கிற ஒருவராக இருக்கட்டும்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் மீதான பாலியல் குற்றத்துக்கு இந்தப் படிகளைப் பயன்படுத்தாதீர்கள். இந்தியாவில் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, தெரிந்தவர் காவல்துறையிடம் சொல்லியே ஆக வேண்டும். மூப்பர் கூட்டத்தில் பேசி முடிப்பதற்கு அங்கே இடமில்லை. குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைக்கலாம். சபையின் பெயர் கெட்டுவிடும் என்று மறைப்பவர், அந்தப் பிள்ளையும் சபைதான் என்பதை மறந்துபோகிறார்.

கணக்குக்கு வருகிறேன். 2 கொரிந்தியர் 8-இல் எருசலேம் பரிசுத்தவான்களுக்கான தர்மப்பணத்துக்குப் பவுல் செய்த ஏற்பாட்டைக் கவனியுங்கள். பணத்தைக் கொண்டுபோகும் பொறுப்பில் தன் உடன் ஊழியன் தீத்துவோடு இன்னும் இரண்டு சகோதரர்கள். அதில் ஒருவர் சபைகளே தெரிந்தெடுத்தவர். காரணத்தையும் எழுதுகிறார்: ஒருவரும் தங்களைக் குற்றப்படுத்தாதபடிக்கு, கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாய் நடக்க. இதை நம் சபையில் செய்ய அதிகம் வேண்டாம். ஆராதனை முடிந்ததும் அங்கேயே, ஒரே குடும்பத்தைச் சேராத இருவர் எண்ணட்டும். தொகையை எழுதி இருவரும் கையெழுத்திடட்டும். மறுநாள் வங்கியில் போடுபவர் மூன்றாமவராக இருக்கட்டும். மாதக் கடைசியில் வரவு செலவை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டால், கூட்டத்தில் எழுந்து கேட்க வேண்டிய தேவையே பலருக்கு இருக்காது.