எந்த லெஃபெவ்ர்?

மொழிபெயர்ப்புக் கட்டுரைகளில் "லெஃபெவ்ர் சொல்வதுபோல" என்று ஒரு வரி அடிக்கடி வருகிறது. முதல்பெயர் இருக்காது, ஆண்டும் இருக்காது. எந்த லெஃபெவ்ர்? நகரம் அதில் வாழ்கிறவர்களுக்கே உரியது என்று வாதிட்ட ஆன்ரியா, 1789ஆம் ஆண்டுக் கோடையின் கிராமத்து வதந்திகளைத் தடம்பிடித்த ஜோர்ஜா, லத்தீன் பூசைக்காக வத்திக்கானோடு மோதிய பேராயர் மர்செலா? மூவரும் பிரெஞ்சுக்காரர்கள், மூவரும் கடந்த நூற்றாண்டில் செயல்பட்டவர்கள், குடும்பப்பெயரும் ஓர் எழுத்துப் பிசகாமல் ஒன்றே. என் கட்சி இதுதான்: தமிழில் இந்தப் பெயரைத் தனியாக எழுதுவதையே நிறுத்திவிட வேண்டும்.

இது ஒரு வம்சத்தின் பெயர் அல்ல, தொழிலின் பெயர். லத்தீனில் ஃபாபர் என்றால் கைவினைஞர். அது பழைய பிரெஞ்சில் ஃபெவ்ர் ஆகி, இரும்புக் கொல்லரைக் குறித்தது. முன்னால் 'லெ' சேர்ந்தால் 'அந்தக் கொல்லர்'. குதிரைக்கு லாடமும் ஏருக்குக் கொழுவும் வேண்டிய ஊரிலெல்லாம் ஒரு கொல்லர் இருந்தார். ஆகவே ஊர் ஊராக, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல், இந்தப் பெயர் முளைத்தது. நம் சங்கப் புலவர்களிலும் மதுரைப் பெருங்கொல்லன் உண்டு, தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார் உண்டு. நம்மிடம் அந்த அடைமொழி அவர்களோடு நின்றுவிட்டது. அங்கே அது பிள்ளைக்கும் பேரனுக்கும் இறங்கி, உலையையே பார்த்திராத பேராசிரியர் வரைக்கும் வந்துவிட்டது.

இனி எழுத்துக்கூட்டல். எல், இ, எஃப், இ, பி, வி, ஆர், இ (Lefebvre) என்று எட்டு எழுத்து. இதில் 'பி' ஒலிக்காது, கடைசி 'இ'யும் ஒலிக்காது. தமிழில் நெருங்கி வருவது 'லெஃபெவ்ர்'. 'லெஃபெப்வ்ரே' என்று எழுதுகிறவர்கள் ஒலிக்காத இரண்டு எழுத்துக்கும் உயிர் கொடுத்துவிடுகிறார்கள். அதற்காகப் பிரெஞ்சு என்றாலே கடைசி எழுத்தை விழுங்கிவிட வேண்டும் என்று விதி செய்துகொள்ளவும் கூடாது. புதுச்சேரி ஆளுநரை நாம் 'டூப்ளே' என்று எழுதிப் பழகிவிட்டோம். பிரெஞ்சுக்காரர்கள் அந்தப் பெயரை 'டுப்ளெக்ஸ்' என்றுதான் சொல்கிறார்கள், பாரிஸில் அந்தப் பெயர் கொண்ட மெட்ரோ நிலையத்தையும் அப்படித்தான்.

ஒலிக்காத 'பி' எதற்காக வந்தது என்பது நல்ல வேடிக்கை. பழைய கையெழுத்தில் 'யு'வும் 'வி'யும் ஒரே எழுத்து. 'ஃபெவ்ர்' என்று எழுதியதை 'ஃபெயுர்' என்றும் படிக்கலாம். குழப்பத்தைத் தவிர்க்கவும், தங்கள் லத்தீன் புலமையைக் காட்டவும் எழுத்தர்கள் நடுவில் ஒரு 'பி'யைச் செருகினார்கள். ஃபாபர் என்ற மூலச்சொல்லில் அது இருக்கிறதே! ஆனால் செருகிய 'பி'யை வாய்விட்டுப் படித்து, அடுத்த எழுத்தை 'யு' என்றே எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. அப்படிப் பிறந்ததுதான் லெஃபேபுர் என்ற தனிக் குடும்பப்பெயர். ஆர்கன் வாசித்த லெஃபேபுர்-வெலி (1817–1869), பியானோ வாசித்த இவோன் லெஃபேபுர் (1898–1986) இருவரும் அந்தத் தவறான வாசிப்பின் வாரிசுகள். குழப்பம் தீர்க்க வந்த எழுத்து இன்னொரு பெயரையே பெற்றுப்போட்டுவிட்டது.

'பி' இல்லாத வடிவமும் இருக்கிறது. அதில் இரண்டாவது 'இ'யின் மேல் இடமிருந்து வலமாக இறங்கும் சிறு கோடு இருக்கும். காதில் இரண்டும் ஒன்றே. தமிழ் எழுத்திலும் இரண்டும் 'லெஃபெவ்ர்'தான். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது, ஏனென்றால் தமிழிலிருந்து மூலத்துக்குத் திரும்ப வழியில்லை. நெப்போலியனை வரைந்த ரொபேர் லெஃபெவ்ர் (1755–1830) 'பி' இல்லாதவர். 1875இல் பாரிஸ் கண்காட்சியில் 'க்ளோயே' ஓவியத்தை வைத்த ஜூல் லெஃபெவ்ர் 'பி' உள்ளவர். அந்த ஓவியம் 1909 முதல் மெல்பர்னில் ஒரு மதுக்கடையில் தொங்குகிறது. 'பி'யை மாற்றித் தட்டித் தேடினால் ஒருவர் இடத்தில் மற்றவர் வந்து நிற்பார்.

மிக மோசமாகக் கலப்பது வரலாற்றுத் துறையில். ஸ்த்ராஸ்பூர் பல்கலைக்கழகத்தை மட்டும் பாருங்கள். லூசியான் ஃபெவ்ர் (1878–1956) 1919 முதல் 1933 வரை அங்கே இருந்தார். இவர் பெயரில் 'லெ' கிடையாது, 'பி' உண்டு. ஜோர்ஜ் லெஃபெவ்ர் (1874–1959) 1928இல் அங்கே வந்து சேர்ந்தார். 1960களின் முதற்பாதியில் ஆன்ரி லெஃபெவ்ர் (1901–1991) அதே பல்கலைக்கழகத்தில் சமூகவியல் கற்பித்தார். ஒரே வளாகம், மூன்று கொல்லர்கள்.

ஃபெவ்ரும் மார்க் பிளாக்கும் 1929இல் தொடங்கிய இதழ் 'அன்னால்'. பொருளாதார, சமூக வரலாற்றுக்கான இதழ் அது. பிரெஞ்சுப் புரட்சிக்கென்று தனியாக இன்னொரு 'அன்னால்' உண்டு. 1932இல் அல்பேர் மத்தியே இறந்தபின் அதற்குப் பொறுப்பேற்றவர் ஜோர்ஜ் லெஃபெவ்ர். 'அன்னால் இதழின் லெஃபெவ்ர்' என்று ஒருவர் எழுதினால் இரண்டில் எதை, யாரைச் சொல்கிறார் என்று படிப்பவர் சோழி உருட்டித்தான் பார்க்க வேண்டும். ஜோர்ஜ் முதல் 'அன்னா'லிலும் எழுதியவர் என்பது கூடுதல் தலைவலி.

ஜோர்ஜைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் ஆன்ரியின் புகழ் அவரை மறைத்துவிட்டது. லீல் நகரத்தில் பிறந்தவர், பல்லாண்டு பள்ளி ஆசிரியராக இருந்தவர். வட பிரான்சின் விவசாயிகளைப் பற்றிய பேராய்வு வெளியானபோது, 1924இல், அவருக்கு வயது 50. பிறகு 1932இல் 'பெரும் அச்சம்' பற்றிய நூல். 1789 ஜூலை 20 வாக்கில் தொடங்கி ஆகஸ்ட் 6 வரை, பிரபுக்கள் ஏவிவிட்ட கொள்ளையர் வருகிறார்கள் என்ற பேச்சு பிரான்சின் பெரும்பகுதியில் ஊர்விட்டு ஊர் தாவியது. அது ஒரே இடத்திலிருந்து சதியாகக் கிளம்பியதா? இல்லை என்று காட்ட, எந்த ஊருக்கு எந்தத் தேதியில், எந்தத் திசையிலிருந்து செய்தி வந்தது என்று வரைபடத்தில் ஏற்றினார் ஜோர்ஜ். தனித்தனியான சில தொடக்கப்புள்ளிகள், அவற்றிலிருந்து கிளை பிரியும் ஓட்டங்கள். பஞ்சமும் நாடோடிகளைப் பற்றிய பயமும் ஏற்கெனவே ஊறிக் கிடந்த மண்ணில்தான் வதந்தி பிடித்தது என்பது அவர் முடிவு. வாட்ஸாப் வதந்தியை ஆராய வருகிறவர்கள் முதலில் இதைப் படிக்கலாம். 'நகர உரிமை லெஃபெவ்ர்' என்று நினைத்து இந்த நூலை எடுத்தால் ஏமாற்றம்தான்.

ஆன்ரி வேறு உலகம். தெற்கே லாந்து பகுதியின் ஆஜெத்மோவில் பிறந்தவர், மெய்யியலாளர், கம்யூனிஸ்டுக் கட்சியில் நெடுங்காலம் இருந்து 1958இல் வெளியேற்றப்பட்டவர். நகரத்தின் மீதான உரிமை பற்றிய நூல் 1968, வெளியின் உற்பத்தி பற்றியது 1974. ஆனால் 1871 பாரிஸ் கம்யூன் பற்றியும் 1965இல் ஒரு நூல் எழுதினார். அவர் புரட்சி வரலாற்றிலும் கை வைத்ததால் 'மார்க்ஸிய வரலாற்றாசிரியர் லெஃபெவ்ர்' என்ற அடையாளம்கூட இருவரையும் பிரிக்க உதவாது. நூற்றாண்டைக் கேளுங்கள்: 1789 என்றால் ஜோர்ஜ், 1871 என்றால் ஆன்ரி.

மர்செல் லெஃபெவ்ர் (1905–1991) தூர்குவான் நகரத்து நெசவாலை முதலாளியின் மகன். டாக்கர் பேராயராக இருந்தவர், 1970இல் பத்தாம் பயஸ் சபையை நிறுவினார், 1988 ஜூன் 30 அன்று போப்பின் அனுமதியின்றி சுவிட்சர்லாந்தின் எக்கோனில் நான்கு ஆயர்களைத் திருநிலைப்படுத்தினார், திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டார். அந்தச் சபைக்கு நம் பாளையங்கோட்டையிலும் இல்லம் இருக்கிறது. மார்க்ஸியர் ஆன்ரியும் மரபுவாதி மர்செலும் இறந்தது ஒரே 1991இல். 'லெஃபெவ்ரியர்கள்' என்ற சொல் சமயச் செய்தியில் மர்செலின் ஆதரவாளர்கள், புவியியல் கட்டுரையில் ஆன்ரியின் சிந்தனை வழி வந்தவர்கள். சூழல் பாராமல் மொழிபெயர்த்தால் நகரத் திட்டமிடல் கட்டுரைக்குள் லத்தீன் பூசை புகுந்துவிடும்.

படைவரலாறு எழுதுகிறவர்களுக்கு 1808 ஸ்பெயின் ஒரு பள்ளம். அல்சாஸின் ரூஃபாக்கில் பிறந்த, நெப்போலியனின் மார்ஷல் ஃபிரான்சுவா ஜோசஃப் லெஃபெவ்ர் (1755–1820), அதாவது 1807இல் டான்சிக்கை முற்றுகையிட்டுப் பிடித்தவர், 1808இல் ஸ்பெயினில் நான்காம் படைப்பிரிவை நடத்தினார். அதே ஆண்டு சரகோசாவின் முதல் முற்றுகையைத் தொடங்கியவர் லெஃபெவ்ர்-தெநுவெத் (1773–1822), குதிரைப்படைத் தளபதி. டிசம்பரில் பெனவென்தே அருகே பிரிட்டிஷாரிடம் பிடிபட்டவரும் இவரே. சுருக்கி எழுதும் நூல்களில் இருவரும் 'லெஃபெவ்ர்' ஆகிவிட, மார்ஷலே சிறைபட்டதாகத் தமிழில் வந்துவிடும். இரட்டைக் குடும்பப்பெயரின் பின்பாதியை வெட்டக்கூடாது; ஆளைக் காட்டுவதே அந்தப் பாதிதான்.

குடும்ப வரலாறு தேடுகிறவர்களுக்கு வேறு தொல்லை. பழைய பங்குப் பதிவேடுகளில் ஒரே ஆளின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றிலும் மூன்று எழுத்துக்கூட்டல் இருக்கலாம், பாதிரியாரின் காதையும் கையையும் பொறுத்து. பிறப்புப் பதிவில் உள்ள பெயரைத்தான் பயன்படுத்த வேண்டும் என்ற சட்டம் 1794இல் வந்தது, ஒரு குடும்பத்தின் திருமணம், பிறப்பு, இறப்புகளைப் பதியும் குடும்பக் கையேடு 1877இல் வந்தது. அதன் பிறகே எழுத்துக்கூட்டல் உறைந்தது. ஆகவே அதற்கு முந்தைய காலத்தைத் தேடும்போது ஒரே வடிவத்தைப் பிடித்துத் தொங்கக் கூடாது. ஒலிக்குறியீட்டுத் தேடலான சவுண்டெக்ஸ் இங்கே நன்றாக உதவும். பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்து, பின்வரும் மெய்யெழுத்துகளை மூன்று எண்களாக்கும் முறை அது. எஃப், பி, வி மூன்றுக்கும் அதில் ஒரே எண் 1, ஆருக்கு 6, எண் போதாவிட்டால் 0. அடுத்தடுத்து வரும் பி-யும் வி-யும் ஒன்றாகச் சுருங்கிவிடும். அதனால் 'பி' உள்ளது, இல்லாதது, லெஃபேபுர் எல்லாமே எல்116 என்றே வரும். ஆனால் கனடாவில் உருமாறிய 'லெஃபைவ்' வடிவத்தில் 'ஆர்' போய்விட்டது, அது எல்110. 'லெ' இல்லாத ஃபெவ்ர் எஃப்160. இந்த மூன்று குறியீட்டையும் தனித்தனியாகப் போட்டுத் தேட வேண்டும்.

கியூபெக்கில் இன்னொரு வழக்கம். ஒரே பெயர்க்காரர்கள் பெருகியதால் 'என்கிற' என்று இரண்டாவது பெயர் சேர்த்தார்கள். 'லெஃபெவ்ர் என்கிற பூலான்ழே' என்று ஒரு குடும்பம் உண்டு. கொல்லர் என்கிற ரொட்டிக்காரர்! சில தலைமுறை கழித்து ஒரு கிளை முதற்பாதியை விட்டுவிடும், இன்னொரு கிளை இரண்டாம் பாதியை. பெயர் வேறு, ரத்தம் ஒன்று. புதுச்சேரியில் இதன் மறுபக்கம் நடந்தது. 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி இந்துச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற தமிழர்கள் குடும்பப்பெயர் ஒன்றைத் தேர்ந்துகொண்டார்கள். வழக்கறிஞர் பொன்னுத்தம்பி தேர்ந்தது 'லாபோர்த்', கதவு என்று பொருள். பிரான்சில் லாபோர்த்கள் நிறைய உண்டு. புதுச்சேரி லாபோர்த்துக்கு அவர்களோடு ரத்த உறவு கிடையாது.

அதனால்தான் 'இந்தப் பெயர் கொண்ட பிரபலங்கள்' என்ற பட்டியல்களைக் குலப்பெருமை போலப் பகிர்வது எனக்கு ஒப்பாது. பட்டியல் போடுவதென்றால் பொருளை வைத்துப் போடுங்கள், சுவை கூடும். வடக்கே லெஃபெவ்ர், ஒக்சித்தான் பேசும் தெற்கே ஃபாப்ர், ஃபோர், சவோயில் ஃபாவ்ர், எல்லாமே கொல்லர்தான். பூச்சிகளைக் கவனித்தே வாழ்நாளைக் கழித்த ழான்-ஆன்ரி ஃபாப்ர் (1823–1915) கொல்லர். 1899இல் எலிசே மாளிகையில் பதவியிலிருக்கும்போதே இறந்த குடியரசுத் தலைவர் ஃபெலிக்ஸ் ஃபோரும் கொல்லர். நம் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியாரோடு பாரிஸில் ஒரே அறையில் தங்கிப் படித்த பியேர் ஃபாவ்ர் (1506–1546) கொல்லர். ஆங்கில வழியில் நமக்கு 'பீட்டர் ஃபேபர்' என்று வந்ததால் யாரும் கவனிப்பதில்லை. விவிலியத்தைப் பிரெஞ்சில் தந்த ழாக் லெஃபெவ்ர் தெத்தாப்லும் லத்தீன் நூல்களில் 'ஃபாபர்' என்றுதான் இருக்கிறார். நூலகத்தில் 'லெஃபெவ்ர்' என்று தேடிக் கிடைக்காவிட்டால் அங்கே போய்ப் பாருங்கள். ஹோமரைப் பிரெஞ்சு உரைநடையில் தந்த ஆன் தாசியேவின் பிறந்தவீட்டுப் பெயரும் லெஃபெவ்ர். கணவர் பெயருக்குப் பின்னால் அது மறைந்துவிட்டது.

எழுதுகிறவர்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். முதல்முறை வரும்போது முழுப்பெயர், பிறப்பு இறப்பு ஆண்டுகள், ஒரு சொல்லில் துறை. 'பி' உண்டா இல்லையா என்று ஒருமுறை குறிப்பிடுங்கள். அடுத்தடுத்த வரிகளில் குடும்பப்பெயரை விட்டுவிட்டு ஆன்ரி, ஜோர்ஜ் என்று முதல்பெயரையே தொடருங்கள். குடும்பப்பெயரால் சுட்டுவது அவர்கள் வழக்கம். நாம் காலங்காலமாக ஆளை அவரவர் பெயரால்தான் சுட்டுகிறோம், அதில் குறைச்சல் ஒன்றுமில்லை.

'அன்னால்' பற்றிச் சொன்னேன் அல்லவா, ஒன்று விட்டுப்போயிற்று. லூசியான் ஃபெவ்ர் தொடங்கிய அந்த மரபின் மூன்றாம் தலைமுறையில் பெரும்பெயர் ழாக் லெ கோஃப் (1924–2014). கோஃப் என்பது பிரெத்தோன் மொழிச் சொல். பொருள், கொல்லர்.