ஒட்டகச்சிவிங்கிக்குக் கேரட் கொடுத்த குற்றம்

ஞாயிற்றுக்கிழமை போட்ட படத்துக்குக் கீழே நடந்த கூத்தைப் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் தேட வேண்டாம், படத்தை எடுத்துவிட்டேன். மகள் ஒட்டகச்சிவிங்கிக்குக் கேரட் நீட்டுகிறாள், அவ்வளவுதான். அதற்குச் சித்தப்பா முறையில் ஒருவர் எழுதியது: "பெத்த தாய் திருத்துறைப்பூண்டியில ஒண்டியா கிடக்கு, அங்க மிருகத்துக்கு ஊட்டிவிடுறாங்க." அந்தக் கமெண்டுக்கு 43 லைக். ஆமாம், எண்ணினேன்.

சிங்கப்பூர் விலங்கியல் தோட்டத்துக்குப் போவது எங்களுக்குச் சுற்றுலா இல்லை. ஆண்டுச் சந்தா கட்டி அட்டை வைத்திருக்கிறோம். அங் மோ கியோவில் 138 பஸ் ஏறினால் வாசலிலேயே இறங்கலாம். கையில் புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும். பதினோராவது மாடியில் வளர்கிற பிள்ளை நாலு கால் பிராணியைப் பார்க்க வேறு எங்கே போகும்? நம் ஊரில் கொல்லைக் கதவைத் திறந்தால் கீரி ஓடும், வயலில் மடையான் நிற்கும், வாய்க்காலில் எருமை கிடக்கும். அதற்கெல்லாம் டிக்கெட் எடுத்தோமா? அங்கே எடுக்கவேண்டியிருக்கிறது. சுற்றுலா இல்லை, கொல்லைப்புறம்.

மிருகங்களை அடைத்து வைப்பது பாவமில்லையா என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. பெரும்பாலும் கம்பிக்குப் பதில் அகழிதான், ஆனாலும் அடைப்பு அடைப்புதான். இனுகா என்ற பனிக்கரடி அந்த வெயில் ஊரிலேயே பிறந்து, 27 வருடம் இருந்து, 2018-இல் போய்ச் சேர்ந்தது. எனக்கும் உறுத்தல் உண்டு. சரி, அதை இன்னொரு நாள் பேசலாம்.

"பக்கத்துல இருக்கிற கோடிக்கரையைக் காட்டலாமே" என்பவர்களுக்கு மட்டும் பதில் சொல்லாமல் விட முடியாது. 1967-லிருந்து அது சரணாலயம். நீங்கள் உங்கள் பிள்ளைகளை எத்தனை தடவை கூட்டிப்போனீர்கள்? நான் போன டிசம்பர் லீவில் கூட்டிப்போனேன். வெளிமான் கூட்டம் ரோட்டைத் தாண்டியது. பூநாரைகள் தண்ணீருக்கு அந்தப் பக்கம் ரோஸ் கலர் கோடு மாதிரி நின்றன. மகள் கேட்டது ஒன்றே ஒன்று: "வேலி எங்கம்மா?"

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். 2019-இல் அம்மாவையும் அதே தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். யானையைப் பார்த்துவிட்டு, "மன்னார்குடி கோயில் யானை செங்கமலம் மாதிரி இதுக்கு பாப் கட்டிங் வெட்டிவிடலையா?" என்று கேட்டுச் சிரித்தாள். அப்பா போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. இங்கேயே இரும்மா என்றேன். "மாட்டுக்கு யாரு தண்ணி காட்டுறது" என்று கிளம்பிவிட்டாள். இதையெல்லாம் 43 பேருக்கும் தனித்தனியாக எழுதிக்கொண்டிருக்க முடியுமா?

திருப்பூரில் இருக்கிற என் அண்ணன் குடும்பத்தோடு ஊட்டி போய்க் குதிரையில் உட்கார்ந்து படம் போட்டான். அதே சித்தப்பா அதற்கு ஹார்ட் போட்டிருக்கிறார். அவனுக்கும் அதே அம்மாதான். ஆனால் கேள்வி மட்டும் கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு.

2018 நவம்பர் 16 விடியற்காலை வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையேறியபோது, நாலு நாள் அம்மாவின் போன் கிடைக்கவில்லை. கோடிக்கரையில் மானும் குதிரையும் செத்துக் கிடக்கிற படங்கள் என் போனுக்கு வந்தன. அம்மாவைப் பற்றி ஒரு வரி வரவில்லை. நாலு தெரு தள்ளித்தான் இருக்கிறார் சித்தப்பா. கொல்லையில் பதினாறு தென்னை சாய்ந்து கிடந்தது. கரண்ட் இல்லாத அத்தனை நாளும் எதிர்வீட்டு அத்தைதான் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். "ஒண்டியா கிடக்கு" என்பது அப்போது யாருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். நேற்று ராத்திரி அம்மா போன் செய்தாள். கமெண்ட் எதுவும் அவளுக்குத் தெரியாது. "ஒட்டகச்சிவிங்கி படத்தைக் காணோமே, எதிர்வீட்டு அத்தைகிட்ட காட்டலாம்னு இருந்தேன்" என்றாள்.

மறுபடி போட்டிருக்கிறேன். கமெண்டை மூடவில்லை, சித்தப்பா.