சிறைக்குப் போனாலும் ஜீவனாம்ச பாக்கி தீராது

ஜீவனாம்சம் கட்டாதவர் ஒரு மாதம் சிறையில் இருந்துவிட்டால் அந்தப் பாக்கி கழிந்துவிடும் என்று மேலே ஒரு கருத்து வந்திருக்கிறது. பலரும் அதை ஆமோதித்திருப்பதால் சொல்கிறேன்: சட்டம் அப்படி இல்லைங்க. சிறை என்பது பணத்தைக் கட்ட வைக்கும் நெருக்கடிதான், கடனுக்கு ஈடு அல்ல. குல்தீப் கௌர் எதிர் சுரிந்தர் சிங் வழக்கில் (ஏ.ஐ.ஆர். என்ற தீர்ப்புத் தொகுப்பில் 1989 உச்ச நீதிமன்றம் 232) இது தெளிவாகவே சொல்லப்பட்டிருக்கிறது. பணம் கொடுத்தால் மட்டுமே பொறுப்பு தீரும். அவர் சிறையிலிருந்து வெளியே வந்த பிறகும் அதே தொகைக்காகச் சொத்தை ஜப்தி செய்யக் கேட்கலாம்.

சரி, எப்படிச் சரிபார்ப்பது? அரசின் 'இந்தியா கோட்' தளத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 144(3)-ஐத் திறந்து பாருங்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125(3)தான் அது. சிறைவாசம் முடிந்தால் பாக்கி ரத்து என்று ஒரு வரிகூட அதில் கிடையாது.

அப்புறம், பாக்கியை வசூலிக்க வாரண்ட் (நீதிமன்ற ஆணை) கேட்கும் மனுவைத் தொகை தரவேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் போட வேண்டும் என்பதும் அங்கேயே இருக்கிறது. பாக்கி போய்விட்டது என்று நம்பி யாரும் அந்தக் கெடுவைத் தவறவிட்டுவிடாதீர்கள்.